உடலுக்கேற்ற உந்துபொறி

எரிபொருளில் ஒடுங்கிக் கிடக்கும் ஆற்றலை வெப்பமாகவும், வெப்பத்தை அழுத்தமாகவும், அழுத்தத்தைச் சுழற்சியாகவும் படிப்படியே மாற்றி, அச்சுழற்சியை ஊர்தியின் சக்கரங்களாகிய ஆழிகளுக்கு வழங்கும் அமைப்பே உந்துபொறி. நாள்தோறும் நாம் ‘என்ஜின்’ என வழங்கும் இதனுள், உருளை என்னும் குழாய்க்கலத்தில் உந்துதண்டு மேலும் கீழும் இயங்குகிறது. அவ்வியக்கத்தை வணரித்தண்டு சுழற்சியாக்குகிறது. காற்றும் பெட்ரோலாகிய கன்னெய்யும் உட்புகவும், எரிந்த வளி வெளியேறவும் வாயிதழ்கள் திறந்து மூடுகின்றன. அவற்றை உரிய நேரத்தில் அழுத்தித் திறப்பது நெம்புருள்தண்டு. உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வினைகளும் வணரித்தண்டின் இரண்டு சுற்றுகளில் நிறைவெய்துகின்றன. ஆதலின் மணித்துளிக்கு 6,000 சுற்று ஓடும் பொறியில், ஒவ்வோர் உருளையும் நொடிக்கு 50 முறை தீப்பற்றுகிறது. அந்த 50 எரிதல்களும் முறை பிறழாமல் நிகழ்வதே பொறியின் நலம். அம்முறை தளர்வதே அதன் முதுமை.

இவ்வாறு தளர்ந்த பொறியின் இடத்தில் எதை வைப்பது என்னும் வினா எல்லா ஊர்திகளுக்கும் பொதுவெனினும், ‘ஸ்போர்ட்ஸ் கார்’ எனப்படும் விரைவூர்தியில் அது தனி ஆழம் பெறுகிறது. சுமை ஏற்றவும் இல்லத்தாரை அழைத்துச் செல்லவும் அமைந்த ஊர்தியில் பொறி பழுதின்றி ஓடினால் போதும். விரைவூர்தியிலோ பொறியின் இயல்பே ஊர்தியின் இயல்பாகிறது. கெடா மாநிலத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் ஆகிய ஊர்களின் பட்டறைகளில் தமிழ் இளைஞர்கள் கையில் எண்ணெய்க் கறையோடு விடை தேடும் வினா அது. பால்மரத் தோட்டங்களின் ஆலைப்பொறிகளையும் சரக்குந்துகளையும் செப்பனிட்டு வாழ்ந்த தலைமுறையின் கைத்திறம், இன்று இவர்கள் கைகளில் தொடர்கிறது.

இம்மண்ணுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு நெடியது. சோழர் மெய்க்கீர்த்தி கடாரம் எனக் குறித்த இந்நிலத்தில், 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் அடியிலுள்ள சுங்கை பத்து என்னுமிடத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லாய்வாளர்கள் 2009 முதல் அகழ்ந்து, பண்டை மக்கள் இரும்பு உருக்கிய உலைகளையும், அவ்வுலைகளுக்குக் காற்றுச் செலுத்திய ஊதுகுழல்களையும் வெளிக்கொணர்ந்தனர். அதே மலையை ஒட்டிய குரூணில்தான் மொடெனாஸ் விசையுந்துகள் உருவாகின்றன. அவற்றின் முதல் வகையான கிரிஸ் 1996இல் வெளிவந்தது. கூலிமில் இனோகோம் ஆலை மகிழுந்துகளைப் பொருத்தி அனுப்புகிறது. எரியும் இடத்துக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு விரைவில் சென்று சேர்கிறது என்பதே பழைய உலையின் வினா. இன்றைய உந்துபொறியின் வினாவும் அதுவே.

ஆய்வுக்கு எடுத்த ஊர்தி

பொதுவாகப் பேசினால் நெறி விளங்காது. ஓர் ஊர்தியை முன்னிறுத்தியே பேச வேண்டும். மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் 1983இல் தோன்றி, 1985 சூலைத் திங்களில் தன் முதல் ஊர்தியான சாகாவை வெளியிட்டது. மிட்சுபிசியின் வடிவமைப்பைத் தழுவிய மூன்று கதவுச் சத்ரியா 1990களின் நடுவில் வந்தது. இங்கிலாந்தின் லோட்டசு நிறுவனத்தில் பெரும்பங்கைப் புரோட்டோன் 1996இல் வாங்கியபின், லோட்டசின் வல்லுநர்கள் ‘சஸ்பென்ஷன்’ எனப்படும் தொங்கமைப்பைச் செம்மை செய்த சத்ரியா ஜி.டி.ஐ. 1998இல் வெளிவந்தது. அதனுள் அமைந்தது மிட்சுபிசியின் 4ஜி93 பொறி: நான்கு உருளை, இரட்டை நெம்புருள்தண்டு, 16 வாயிதழ், 1,834 சி.சி. கொள்ளளவு, ஏறத்தாழ 140 குதிரைத்திறன். 2005ஆம் ஆண்டோடு அதன் ஆக்கம் நின்றது. எனவே இன்று ஓடும் ஜி.டி.ஐ.களில் மிக இளையதும் 20 ஆண்டு அகவையை எட்டிவிட்டது. அவற்றின் பொறிகள் தேய்வது இயற்கை.

கொள்ளளவு என்பது உருளையின் விட்டத்தாலும், உந்துதண்டு ஏறி இறங்கும் வீச்சாலும் அமைவது. 4ஜி93இன் விட்டம் 81 மில்லிமீட்டர். வீச்சு 89 மில்லிமீட்டர். அதே விட்டத்தை வைத்து வீச்சை மட்டும் 77.5 மில்லிமீட்டராகக் குறைத்தால் 1,597 சி.சி. கொண்ட 4ஜி92 பிறக்கிறது. இவ்விரண்டும் ஓரினத்தவை, வார்ப்பிரும்பு உடலும் ஒன்றே போன்றது. ஆயினும் வீச்சு குறைந்ததால், அதே சுழற்சியில் உந்துதண்டு கடக்கும் தொலைவு குறைகிறது. தண்டின் மேல் விழும் இழுவையும் குறைகிறது. அதனால் 4ஜி92 இன்னும் மிகுந்த சுழற்சிக்கு அஞ்சாமல் ஏறுகிறது. பதினொன்றரை மில்லிமீட்டர் வேறுபாடு ஒரு பொறியின் முழு இயல்பையும் மாற்றிவிடுகிறது.

மாற்றின் மூவகை

பொறியை மாற்றும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது புதுக்கல்: இருக்கும் பொறியையே பிரித்து, வளையங்கள், தாங்கிகள், அடைப்புகள் ஆகியவற்றை மாற்றி, உருளையைக் கடைந்து, மீண்டும் கோத்தல். இரண்டாவது இனவழி மாற்று: அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பொறியை வைத்தல். சத்ரியா ஜி.டி.ஐ.க்கு அவ்வகையில் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, சப்பானிய மிராச் ஊர்தியில் வந்த, வாயிதழ்த் திறப்பை மாற்றும் மைவெக் அமைப்புடைய 4ஜி92. மற்றொன்று, லான்சர் ஜி.எஸ்.ஆர். ஊர்தியில் வந்த, சுழலூட்டி பொருந்திய 4ஜி93. சுழலூட்டி என்பது வெளியேறும் வளியின் விசையால் சுழன்று, உருளைக்குள் காற்றை மிகுத்துச் செலுத்தும் ‘டர்போ’. மூன்றாவது அயலின மாற்று: வேறினப் பொறியைப் புதிய தாங்கிகள் அமைத்துப் பொருத்துதல். லான்சர் இவோலூசனில் நான்கு ஆழிகளையும் ஓட்டிய 1,997 சி.சி. 4ஜி63 பொறியை முன்னாழிகளால் மட்டும் இயங்கும் சத்ரியாவில் ஏற்றுவது இவ்வகைக்கு எடுத்துக்காட்டு.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. 1.3, 1.5 கொள்ளளவில் வந்த எளிய சத்ரியாக்கள் வேறினப் பொறியைக் கொண்டவை. ஆதலால் அவற்றுக்கு 4ஜி93 தானும் அயலினமே. பொறித்தாங்கி முதல் மின்கம்பித் தொகுதிவரை அனைத்தும் மாற வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பதைக் கண்டு உள்ளமைப்பும் ஒன்றென முடிவு செய்தல் கூடாது.

முறுக்கும் திறனும்

பொறியை ஒப்பிடுவோர் பெரும்பாலும் குதிரைத்திறன் ஒன்றையே நோக்குகின்றனர். அது பாதி அறிவே. முறுக்குவிசை என்பது வணரித்தண்டு திருகும் வலிமை. திறன் என்பது அவ்வலிமை எத்துணை விரைவில் வினையாகிறது என்னும் அளவு. முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரிலும் சுழற்சியை மணித்துளிச் சுற்றிலும் கொண்டு, இரண்டையும் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். இவ்வொரு வாய்பாடு இரு பொறிகளின் உள்ளத்தையும் திறந்து காட்டுகிறது. மைவெக் பொறி 7,500 சுற்றில் 175 குதிரைத்திறன் தருவது; அவ்விடத்தில் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 164 நியூட்டன் மீட்டர். சுழலூட்டிய 4ஜி93 பொறி 6,000 சுற்றில் 195 குதிரைத்திறன் தருவது. ஆயினும் 3,000 சுற்றிலேயே 270 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை எட்டி, அப்போதே 85 கிலோவாட்டு அளவுக்குத் திறன் அளித்துவிடுகிறது.

எனவே முன்னது உயரத்தில் வாழும் பொறி. பின்னது தாழ்விலேயே தழைக்கும் பொறி. மைவெக்கின் நெம்புருள்தண்டில் இருவகை முகடுகள் உள்ளன: குறைந்த சுழற்சியில் தாழ்ந்த முகடு வாயிதழைச் சிறிதே திறக்கிறது; சுழற்சி உயர்ந்ததும் எண்ணெய் அழுத்தத்தால் உயர்ந்த முகடு இணைந்து, வாயிதழை ஆழமாகவும் நெடிதாகவும் திறக்கிறது. அம்மாற்றத்தை நுகர விரும்புவோர் ‘கியர்’ எனப்படும் பல்லிணையை ஓயாது மாற்றிச் சுழற்சியை உயர்த்திப் பிடிக்க வேண்டும். சுங்கைப்பட்டாணி நகரின் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்வோர்க்கு அந்த உயர்ந்த முகடு பெரும்பாலும் துயில்கொண்டே இருக்கும்.

பிடிப்பும் நிறுத்தமும்

பொறி அளிக்கும் வலிமை முழுவதும் சாலையைச் சேர்வதில்லை. சேர்வது டயரின் பிடிப்பு ஏற்கும் அளவே. ஊர்தியின் எடையில் 650 கிலோகிராம் முன்னாழிகளின் மேல் இருப்பதாகக் கொள்வோம். உலர்ந்த சாலையில் பிடிப்புத் தகவு 0.9 எனில், முன்னாழிகள் தாங்கும் உந்துவிசை ஏறத்தாழ 5,700 நியூட்டன்; மழையில் அத்தகவு 0.5 ஆகுமாயின், அது 3,200க்கு இறங்கும். இனி, இரண்டாம் பல்லிணையில் மொத்தப் பெருக்கம் 8 மடங்கு என்றும், ஆழியின் ஆரை 0.29 மீட்டர் என்றும் வைத்துக் கணக்கிடுவோம். ஜி.டி.ஐ.யின் இயல்பான 165 நியூட்டன் மீட்டர், சாலையில் ஏறத்தாழ 4,500 நியூட்டன் ஆகிறது. சுழலூட்டிய பொறியின் 270, ஏறத்தாழ 7,400 ஆகிறது. முன்னது உலர்ந்த சாலையின் வரம்புக்குள் அடங்குகிறது. பின்னது அவ்வரம்பையும் மீறி, ஆழியை வெறிதே சுழலச் செய்கிறது. முடுக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், முன்னாழிகளின் பிடிப்பு இன்னும் குறையும். நான்கு ஆழிகளுக்குப் பகிர்ந்தளிக்க அமைத்த 4ஜி63இன் வலிமையை இரண்டு முன்னாழிகளின் மேல் சுமத்தினால், திருப்பு வளையம் ஓட்டுநரின் கையை விட்டு இழுக்கும்.

விரைவைக் கூட்டுவோர் நிறுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஓடும் ஊர்தியின் இயக்க ஆற்றல் விரைவின் இருபடியாகப் பெருகுவது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வரம்பாகிய 110 கிலோமீட்டர் விரைவில் நிறுத்தும்போது எழும் வெப்பத்தை விட, 160 கிலோமீட்டரில் எழும் வெப்பம் இரு மடங்குக்கும் மிகுதி. ஜி.டி.ஐ.யின் நான்கு ஆழிகளிலும் தட்டு நிறுத்திகள் உள்ளன. எளிய சத்ரியாவின் பின்னாழிகளில் உள்ளவை பறை நிறுத்திகளே. பொறிக்குப் பொருள் செலவிட்டு நிறுத்திக்குச் செலவிட மறுப்பவர், தம் உயிரையும் பிறர் உயிரையும் பிணை வைக்கிறார்.

வெப்பமும் எரிபொருளும்

கன்னெய்யின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோதான் வினையாகிறது. எஞ்சியதில் ஒரு பெரும்பகுதி குளிர்நீர் வழியாகவும், மற்றொரு பகுதி புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. ஆகவே திறன் கூடினால், குளிர்கலமாகிய ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடும். கெடாவின் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் நண்பகல் வெப்பம் 35 பாகை செல்சியசை எட்டுகிறது. 15 பாகைக் காற்றினும் 35 பாகைக் காற்று ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. பொறி உண்ணும் உயிர்வளியும் அவ்வளவு குறைகிறது. சுழலூட்டி அக்காற்றை அமுக்கும்போது அது 100 பாகையையும் எட்டக்கூடும். அதனைத் தணிக்கும் இடைக்குளிர்வி இல்லாமல் அப்பொறியை இங்கு ஓட்டுதல் அறிவன்று.

அமுக்கத் தகவு என்பது உந்துதண்டு கீழே இருக்கையில் உள்ள கொள்ளளவுக்கும் மேலே இருக்கையில் உள்ள கொள்ளளவுக்கும் உள்ள தகவு. மைவெக்கில் அது 11.0. அமுக்கம் மிகுந்தால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்பே எஞ்சிய எரிபொருள் தானாகப் பற்றி, உந்துதண்டைத் தாக்கும். அவ்விடிப்பைத் தாங்கும் ஆற்றலே ஆக்டேன் எண்ணால் குறிக்கப்படுவது. சப்பானின் உயர்தரக் கன்னெய்க்கென வகுத்த மைவெக்குக்கு, நம் எண்ணெய் நிலையங்களில் கிடைக்கும், ஆக்டேன் எண் 97 உடைய ரோன் 97 வகையே ஏற்றது. ரோன் 95இல் நாள்தோறும் ஓட்ட எண்ணுவோர் அச்செலவு வேறுபாட்டை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

அரைவெட்டைத் தேர்தல்

மாற்றுப்பொறி வரும் வழி பெரும்பாலும் ‘ஹாஃப் கட்’ எனப்படும் அரைவெட்டு. முழு ஊர்தியை நாட்டுக்குள் கொணரச் சிறப்பு இசைவு வேண்டும். ஆதலால் சப்பானில் ஓய்வு பெற்ற ஊர்தியை நடுவே வெட்டி, பொறியும் பல்லிணைப் பெட்டியும் முன்னுடலும் சேர்ந்த பகுதியை உறுப்பாகக் கொணர்கின்றனர். பொறியோடு அதன் மின்னணுக் கட்டுப்பாட்டகமும், கம்பித் தொகுதியும், காற்றளவியும் ஒன்றாகக் கிடைப்பது அரைவெட்டின் பெருநலம். தனிப்பொறியை மலிவாக வாங்கி, எஞ்சியவற்றைத் தேடி அலைவோர் ஈற்றில் மிகுதியாகவே செலவிடுகின்றனர்.

வாங்குமுன் செய்யத்தக்க ஆய்வு ஒன்றை விரித்துரைப்பேன். பட்டறையில் ‘போமன்’ என அழைக்கப்படும் பொறிவினைஞர், தீப்பொறிச் செருகிகள் நான்கையும் கழற்றுகிறார். செருகி இருந்த துளையில் அழுத்தமானியைத் திருகி, தொடக்கியால் பொறியைச் சில சுற்றுகள் ஓடவிட்டு, முள் நின்ற அளவைக் குறித்துக்கொள்கிறார். இவ்வாறே மற்ற மூன்று உருளைகளுக்கும் செய்கிறார். நான்கு அளவுகளும் தம்முள் 100 கிலோபாஸ்கலுக்கு மேல் வேறுபடாவிடில் பொறி நலமுடையது. ஓர் உருளை மட்டும் தாழ்ந்து நின்றால், அத்துளையில் ஒரு கரண்டி பொறியெண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்கிறார். முள் உயர்ந்தால் உந்துதண்டின் வளையங்கள் தேய்ந்தவை என்பது தெளிவு. ஊற்றிய எண்ணெய் அவ்விடைவெளியைச் சிறிது நேரம் அடைத்துக் காட்டியது. முள் உயராவிடில் குறை வாயிதழிலோ, உருளைத்தலையின் அடைப்பிலோ உள்ளது. பின்னர் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். பால்போன்ற வெண்குழம்பு படிந்திருந்தால், குளிர்நீர் எண்ணெயோடு கலக்கிறது என்று பொருள். அப்பொறியை அங்கேயே விட்டு வருதல் நன்று. நலமான பொறியாயினும், ஊர்தியில் ஏற்றுமுன் ‘டைமிங் பெல்ட்’ எனப்படும் பற்பட்டையையும் நீரேற்றியையும் எண்ணெய் அடைப்புகளையும் புதிதாக்குதல் வேண்டும். வெளியே இருக்கையில் எளிதாகும் இவ்வேலை, உள்ளே ஏறியபின் பன்மடங்கு அரிதாகும்.

சட்டமும் வரியும்

ஊர்தியின் உரிமை ஆவணமாகிய கிரானில் பொறி எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிந்துள்ளன. பொறி மாறினால் அவ்வெண்ணும் மாறுவதால், சாலைப் போக்குவரத்துத் துறையின் இசைவும், ஊர்தி ஆய்வு நிலையத்தின் சான்றும் பெற்றே சாலையில் ஓட்ட வேண்டும். பொறி வாங்கிய பற்றுச்சீட்டும் சுங்கத்தாளும் இன்றி அவ்விசைவு கிடைப்பது அரிது. திருட்டுப் பொறியை வாங்காமல் காப்பதும் அத்தாள்களே. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை அறிவிக்காதவர், நேர்ச்சி நிகழ்ந்த நாளில் ஈடின்றி நிற்க நேரும். தீபகற்ப மலேசியாவில் தனியார் மகிழுந்தின் சாலைவரி கொள்ளளவைப் பொறுத்தது: 1,597 சி.சி. 4ஜி92க்கு 90 ரிங்கிட், 1,834 சி.சி. 4ஜி93க்கு 297 ரிங்கிட், 1,997 சி.சி. 4ஜி63க்கு 378 ரிங்கிட் 50 சென். ஒரே திறன்நிலையில் இரு பொறிகள் நிற்குமாயின், ஆண்டுதோறும் வரும் இவ்வேறுபாடும் தராசில் இடத்தக்கது.

முடிவு

இவ்வளவைகள் அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கின் விடை தெளிவாகிறது. உடல் துருவேறாமல், பழைய பொறியின் வணரித்தண்டும் உருளைச் சுவரும் நலமாயிருந்தால், புதுக்கலே முதல் தேர்வு. லோட்டசு வல்லுநர்கள் செம்மை செய்த தொங்கமைப்பும், ஊர்தியோடு வந்த நிறுத்தியும் பல்லிணையும் அந்தப் பொறிக்கென்றே அளந்தவை. அது இயலாதவிடத்து, நெடுஞ்சாலையிலும் பந்தயத் தடத்திலும் சுழற்சியை உயர்த்தி ஓட்டத் தெரிந்தவர்க்கு மைவெக் தக்கது. குளிர்கலம், இடைக்குளிர்வி, ‘கிளட்ச்’ எனப்படும் உரசிணைப்பி, நிறுத்தி ஆகிய நான்கையும் ஒருசேர மேம்படுத்தும் பொருள்வளமும் பொறுமையும் உடையவர்க்கே சுழலூட்டிய 4ஜி93. முன்னாழிச் சத்ரியாவில் 4ஜி63 ஏற்றுவதை, நாள்தோறும் வேலைக்குச் செல்லும் எவருக்கும் பரிந்துரைக்க இயலாது. பெருந்திறன் கொண்ட பொறியே சிறந்த பொறி என்பது பிழை. ஊர்தியின் உடல் தாங்குவதும், சாலை ஏற்பதும், சட்டம் இசைவதும், உரியவர் பேணக்கூடியதுமான பொறியே சிறந்தது.

கெடாவின் பட்டறைகளில் உழைக்கும் இளைஞர்களுக்கும், மாநில எல்லையைக் கடந்தவுடன் நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளையின் பெயர் தாங்கிய தொழிற்பயிற்சிக் கழகத்தில் பயில்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் அளக்கும் அழுத்தம், மாற்றும் உறுப்பு, கண்டறியும் குறை ஆகியவற்றை நாள் குறித்துத் தமிழில் எழுதி வையுங்கள். முறுக்குவிசையும் அமுக்கத் தகவும் நெம்புருள்தண்டும் தமிழில் நிறைவாகப் பேசப்படக்கூடியவை. இக்கட்டுரையே அதற்குச் சான்று. கையில் உள்ள பட்டறிவு ஏட்டில் ஏறினால்தான் அடுத்து வருவோர்க்கு அறிவியலாகும். எந்தப் பொறியை வாங்கப் புறப்பட்டாலும், விலை பேசுமுன் அழுத்தமானியைக் கையில் எடுங்கள்.